குறிப்பேடு ஒன்று, படிகள் இரண்டு

திட்டமிடுதலுக்கு அடிப்படை புள்ளிவிவரம். புள்ளிவிவரத்திற்கு அடிப்படை குறிப்பு. களப்பணியாளர் ஒருவர் ஒரு தொழிற்கூடத்தின் வாயிலிலோ, ஒரு வயலின் வரப்பிலோ நின்று எழுதிக்கொள்ளும் நான்கு வரிகளே பின்னர் அட்டவணையாகி, அறிக்கையாகி, நிதி ஒதுக்கீடாக உருப்பெறுகின்றன. அந்த நான்கு வரிகள் தவறிப்போனால் அவற்றின்மேல் எழும் கட்டடம் முழுவதும் ஊகமாகிவிடும். ஆயினும் அறிக்கை எழுதும் முறையைப் பற்றிப் பயிற்சி அளிக்கும் நாம், குறிப்பைக் காக்கும் முறையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு, அலுவலகத்தில் ஒரு பெரிய பதிவேடு என்பதே நெடுங்காலமாக இருந்து வந்த ஏற்பாடு. இன்று அவற்றின் இடத்தைக் கைப்பேசியும் கணினியும் பெருமளவு பிடித்துக்கொண்டன. எழுதுவது எளிதாகிவிட்டது. ஆனால் சிறிய ஏட்டிலிருந்து பெரிய ஏட்டிற்குப் பெயர்த்து எழுதும்போது முன்பு நாமே ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தோம். இப்பொழுது அந்தப் பணியை நமக்குத் தெரியாமலே ஒரு நிரல் செய்கிறது. அது எவ்வாறு செய்கிறது என்பதை அறியாமல் அதனை நம்புவது முறையன்று. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் அனுபவம்

ஹவுராவில் பெலிலியஸ் சாலையை ஒட்டிய பகுதிகளில் சிறு வார்ப்படக் கூடங்களும் பொறியியல் பட்டறைகளும் நெருங்கி அமைந்துள்ளன. சில ஆண்டுகளுக்கு முன் கோடைகாலத்தில் அப்பட்டறைகளைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிடைத்தது. நான்கு நாட்கள் பட்டறைகளில் கேட்டவற்றையெல்லாம் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, மறுநாள் அலுவலகக் கணினியில் அவற்றை ஒழுங்குபடுத்துவது என்பது ஏற்பாடு. இரண்டிலும் ஒரே செயலி இருந்தது. எழுதியது தானே மறுபுறம் சென்றுவிடும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

மூன்றாம் நாள் மாலை, மணல் அச்சு அமைக்கும் மோல்டர் ஒருவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். அச்சு ஒன்றுக்கு என்ன கூலி, உடைந்த வார்ப்புக்கு யார் கூலியில் பிடித்தம், கடுங்கோடையில் உலை பற்றவைக்கும் நாட்கள் எவ்வளவு குறைகின்றன என்று அவர் கூறிய விவரங்கள் எந்த அச்சிட்ட அறிக்கையிலும் கிடைப்பவை அல்ல. அவை அனைத்தும் கைப்பேசியில் பதிவாயின. அதன் மின்கலம் குறைவாக இருந்தமையால் சிக்கன அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. அது பின்னணியில் நடக்கவேண்டிய பரிமாற்றத்தை நிறுத்திவைத்திருந்தது. மறுநாள் காலை அலுவலகத்தில் அதே குறிப்பின் பழைய படியைக் கணினியில் திறந்து, சில எழுத்துப் பிழைகளைத் திருத்திச் சேமித்ததும் இக்கட்டுரையாளரே. பிற்பகலில் கைப்பேசி வலையமைப்புடன் இணைந்தது. பிந்திய நேரம் குறித்த படி கணினியில் இருந்ததால் செயலி அதனையே சரியானதாகக் கொண்டது. முந்திய மாலையின் ஒரு மணி நேரப் பேச்சு அழிந்தது.

மூன்று வாரங்களுக்குப் பின் மீண்டும் அங்கே சென்றபொழுது அப்பட்டறை மூடப்பட்டிருந்தது. அந்த மோல்டர் ஊருக்குச் சென்றுவிட்டதாக அருகில் இருந்தவர்கள் கூறினர். எழுத்துப் பிழைகள் நீங்கிய, ஆனால் பொருள் இழந்த ஒரு குறிப்பு மட்டும் எஞ்சியது. பணியாளர் ஒருவர் தம் வேலை நேரத்தை விட்டுக்கொடுத்துக் கூறிய சொற்களைக் காக்க இயலாமற்போனது வெறும் தொழில்நுட்பக் குறைபாடு அன்று. பொறுப்பில் ஏற்பட்ட தவறேயாகும்.

ஷிப்பூர் தோட்டம் கற்பிப்பது

இரண்டு இடங்களில் ஒரே குறிப்பை ஒத்து வைத்துக்கொள்ளும் சிக்கல் கணினிக்கு முற்பட்டது. அதற்கு நல்ல சான்று ஹவுராவிலேயே உள்ளது. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஷிப்பூரில், கர்னல் ராபர்ட் கிட் என்பவரின் முயற்சியால் 1787-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தாவரவியல் தோட்டம் இன்று ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தோட்டத்தை 1793 முதல் 1813 வரை மேற்பார்த்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். அதற்கு முன் அவர் சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றியவர். கோரமண்டலக் கரையில் இஞ்சரம் என்னும் ஊரில் 1787-ஆம் ஆண்டுப் புயல் வெள்ளம் அவர் சேர்த்து வைத்திருந்த தாவரங்களையும் குறிப்புகளையும் கொண்டுபோய்விட்டது. பல ஆண்டு உழைப்பு ஒரே இடத்தில் இருந்தமையால் ஒரே நாளில் அழிந்தது.

பிற்காலத்தில் அவர் இந்திய ஓவியர்களைக் கொண்டு 2,500-க்கும் மேற்பட்ட தாவர ஓவியங்களை வரையச் செய்தார். ஒரு தொகுதி ஷிப்பூரில் இருந்தது. அதன் படி இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களுக்கு அனுப்பப்பட்டுப் பின்னர் கியூ தோட்டத்தை அடைந்தது. இரண்டு தொகுதிகளையும் இணைப்பது ஓவியத்தின் எண். தாவரத்தின் பெயர் மாறலாம். அறிஞர்கள் அதனை வேறொரு பேரினத்தில் சேர்க்கலாம். எண் மாறாது. ஆகவே ஷிப்பூரில் உள்ள ஓவியமும் கடல் கடந்த படியும் ஒன்றே என்பதை இன்றும் காட்ட முடிகிறது. எனினும் இத்தொகுதியில் ஒரு குறையும் உண்டு. அவற்றை வரைந்த ஓவியர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. யார், எப்பொழுது, எங்கே என்ற மூன்றையும் உடனுக்குடன் எழுதாவிட்டால் பின்னர் எழுத வழியில்லை என்பதற்கு இது சான்று.

ராக்ஸ்பர்க்கின் ‘ஃபுளோரா இண்டிகா’ நூலின் வரலாறு மற்றொரு பாடம். அவர் இந்தியாவை விட்டுச் செல்லும்போது அதன் கையெழுத்துப் படி சீராம்பூரில் வில்லியம் கேரியிடம் இருந்தது. ராக்ஸ்பர்க் 1815-இல் காலமானார். கேரி அந்நூலை 1820-இலும் 1824-இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டபோது, நத்தானியேல் வாலிச் கண்டறிந்த புதிய தாவரங்களின் விவரங்களும் அதில் சேர்க்கப்பட்டன. அப்பணி முற்றுப்பெறவில்லை. பின்னர் 1832-இல் வாலிச்சின் சேர்க்கைகள் இன்றி, ராக்ஸ்பர்க்கின் மூலம் மட்டும் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. இவ்வாறு ஒரே நூலுக்கு இரண்டு வடிவங்கள் தோன்றின. ஒன்று விரிவானது, ஆனால் முற்றுப்பெறாதது; மற்றது முழுமையானது, ஆனால் புதிய செய்திகள் இல்லாதது. எதையும் அழிக்காமல் இரண்டையும் காத்ததால் ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட முடிகிறது. இன்றைய செயலியாக இருந்திருந்தால் பிந்திய தேதியைக் கண்டு முந்தியதை நீக்கியிருக்கக்கூடும்!

1864 அக்டோபர் 5-ஆம் நாள் வீசிய புயலில் தோட்டத்தின் மரங்களில் பெரும் பகுதி வீழ்ந்தது. நிலத்தில் நின்றவை அழிந்தன. தாளில் பதிந்தவை நிலைத்தன. 2020 மே 20-ஆம் நாள் ஆம்பன் புயலும் இத்தோட்டத்திற்குப் பெருஞ்சேதம் விளைவித்தது. அப்புயலுக்குப் பின் கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் நாட்கணக்கில் இல்லை. தம் குறிப்புகள் அனைத்தையும் தொலைவில் உள்ள சேமிப்பகத்தில் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அந்நாட்களில் அவை இருந்தும் இல்லாதவையாயின.

ஒத்திசைவு நிகழும் விதம்

கைப்பேசியும் கணினியும் ஒரே குறிப்பைக் காட்டும்படி செய்வதை ஒத்திசைவு என்கிறோம். இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, ஏடு ஒன்றே, பார்ப்பவர் பலர். இதற்கு இரயில்வே முன்பதிவு சிறந்த உதாரணம். முன்னர் ஒவ்வொரு நிலையத்திற்கும் தனி ஒதுக்கீடும் தனிப் பேரேடும் இருந்தன. கணினிமயமான பின்னரும் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்கள் தனித்தனியே இயங்கின. 1999 ஏப்ரலில் அவை ஒன்றாக இணைக்கப்பட்டன. அதன்பின் சென்னையில் ஏறி ஹவுராவில் இறங்கவேண்டியவர் மூன்றாவது ஊரிலிருந்தும் இடம் பெற முடிந்தது. ஒரே இருக்கையை இருவருக்குத் தரக்கூடாத இடத்தில் இம்முறையே ஏற்றது. இதன் குறை, தொடர்பு அறுந்தால் பணி நின்றுவிடும் என்பது.

இரண்டாவது, ஒவ்வொரு கருவியிலும் முழுப் படி ஒன்று இருக்கும். தொடர்பு கிடைக்கும்போது மாற்றங்கள் மட்டும் பரிமாறப்படும். களப்பணிக்கு இதுவே பொருத்தமானது. ஆனால் இரண்டு படிகளும் தொடர்பின்றி இருக்கும் வேளையில் இரண்டிலும் ஒரே குறிப்பைத் திருத்தினால் முரண்பாடு தோன்றும். கைப்பேசியில் தொழிலாளர் எண்ணிக்கை 17 என்பதை 19 என்று திருத்துகிறோம். கணினியில் அதே குறிப்பில் முகவரியைத் திருத்துகிறோம். நல்ல செயலி இரண்டையும் இணைக்க முயலும். அல்லது ‘முரண் படி’ எனப் பெயரிட்டு இரண்டையும் தனித்தனியே வைக்கும். எளிய செயலி பிந்திய நேரத்தை மட்டும் பார்க்கும். கருவி ஒன்றின் கடிகாரம் தவறாக இருந்தால் அந்தத் தீர்ப்பும் தவறாகும்.

மூன்றாவது, கைப்பட எடுத்துச் செல்வது. கம்பி வழியாகவோ, தமக்குத் தாமே அனுப்பும் மின்னஞ்சல் வழியாகவோ கோப்பைப் பெயர்ப்பது இவ்வகை. இது மெதுவானது, எது புதிய படி என்ற குழப்பமும் எளிதில் நேரும். எனினும் இணையம் அரிதான இடங்களில் இதனைத் தள்ளிவிட முடியாது.

இங்கு ஒரு வேறுபாட்டையும் மனத்திற்கொள்ள வேண்டும். பேராசிரியர் மஹலனோபிஸ் வங்காளத்தில் சணல் பரப்பைக் கணக்கிடும் மாதிரி ஆய்வுகளை நடத்தியபோது, ஒரே பகுதியில் தனித்தனி மாதிரிகளைத் தனித்தனிக் குழுக்களைக்கொண்டு அளக்கச் செய்து, முடிவுகளை ஒப்பிடும் முறையைக் கையாண்டார். அங்கு இரண்டு பதிவுகள் ஒன்றையொன்று சோதிப்பதற்காக உள்ளன. அவற்றை முன்கூட்டியே ஒத்திசைத்தால் சோதனையே பயனற்றுப்போகும். ஒரே பதிவின் இரண்டு படிகள் வேறு. இரண்டு தனிப் பதிவுகள் வேறு. எது தேவை என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

குறிப்புகளை அடுக்கும் முறை

ஒழுங்கற்ற குறிப்புகளை ஒத்திசைத்தால் குழப்பமே இரண்டு இடங்களில் கிடைக்கும். ஆகவே கீழ்க்கண்ட ஒழுங்குகள் பயன் தரும்.

(1) வரவு ஏடு ஒன்று வேண்டும். களத்தில் எழுதும் எதையும் முதலில் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். வகைப்படுத்துவது மாலையில் செய்யவேண்டிய வேலை. அஞ்சல் நிலையத்தில் கடிதங்கள் முதலில் ஒரே பையில் விழுந்து பின்னர் பிரிக்கப்படுவது போன்றது இது.

(2) ஒரு பொருளுக்கு ஒரு குறிப்பு போதும். நான்கு நாட்களின் செய்தியை ஒரே நீண்ட குறிப்பில் எழுதுவது முரண்பாட்டை வரவழைக்கும். மேலே கூறிய இழப்புக்கு ஒரு காரணம் அதுவே. ஒவ்வொரு சந்திப்பையும் தனிக் குறிப்பாக எழுதியிருந்தால், கணினியில் திருத்திய குறிப்பும் கைப்பேசியில் எழுதிய குறிப்பும் மோதியிருக்கமாட்டா.

(3) பெயரிடுவதில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையைப் பின்பற்ற வேண்டும். ‘2025-03-14 பெலிலியஸ் சாலை வார்ப்படம்’ என்பதுபோல் பெயரிட்டால் எந்தக் கருவியிலும் குறிப்புகள் கால வரிசையில் தாமே நிற்கும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதங்களின் முதல் நாட்களும் ஒன்றாகத் திரண்டுவிடும். ஒரே நாளில் பல குறிப்புகள் இருப்பின் வரிசை எண் சேர்க்கலாம். ராக்ஸ்பர்க் ஓவியத்தின் எண்ணைப் போல இந்த அடையாளத்தைப் பின்னர் மாற்றலாகாது.

(4) தலைப்புகளை மிகுதியாக்கலாகாது. ஐந்து அல்லது ஆறு கோப்புறைகள் போதும். நாற்பது தலைப்புகளை வகுத்தவர் எந்தத் தலைப்பில் வைத்தோம் என்பதைத் தேடுவதிலேயே நேரத்தைச் செலவிடுவார். கணினியின் தேடும் வசதி வலிமையானது. குறிப்பின் உள்ளே ஊர், தொழில், நபரின் பணி ஆகிய சொற்கள் இருந்தால் அது கண்டுபிடித்துவிடும்.

(5) கேட்டது, கண்டது, கருதியது ஆகிய மூன்றையும் பிரித்து எழுத வேண்டும். பிறர் கூறியதும் நம் ஊகமும் கலந்துவிட்டால் ஓராண்டுக்குப்பின் நமக்கே வேறுபாடு தெரியாது. மற்றொருவர் சேர்த்ததை அவர் பெயருடன் குறிக்க வேண்டும்.

(6) ஒரு வேளையில் ஒரு கருவியில் மட்டும் திருத்த வேண்டும். கணினியின் முன் அமர்ந்ததும் முதல் வேலை, கைப்பேசியின் கடைசிக் குறிப்பு வந்துவிட்டதா என்று பார்ப்பது. வராவிட்டால் எதையும் தொடாதிருப்பதே நன்று.

தமிழ் எழுத்துப் பற்றி

தமிழில் குறிப்பெழுதுவோருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. முன்னர்ப் பல்வேறு எழுத்துரு முறைகளில் தட்டச்சான கோப்புகள் கைப்பேசியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும், தேடினாலும் அகப்படா. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடு முறையை ஏற்று ஆணை வெளியிட்ட பின் நிலைமை சீரடைந்தது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே ஒத்திசைவில் சேர்க்க வேண்டும். மாற்றியதும் சில பக்கங்களை மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். கொம்பும் காலும் இடம் மாறும் பிழைகள் அப்பொழுதே தெரியவரும்.

செயலியைத் தேர்ந்தெடுத்தல்

கூகுள் கீப், மைக்ரோசாப்ட் ஒன்நோட், எவர்நோட் போன்றவை நிறுவனத்தின் சேமிப்பகம் வழியாக ஒத்திசைப்பவை. ஜாப்ளின் திறந்த மூல நிரல். எந்தச் சேமிப்பகம் வழியாக ஒத்திசைப்பது என்பதைப் பயன்படுத்துவோரே தீர்மானிக்கலாம். ஒப்சிடியன் குறிப்புகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக நம் கருவியிலேயே வைக்கிறது. சிங்க்திங் என்பது நடுவில் சேமிப்பகம் இன்றி, கருவிகளுக்கிடையே நேரடியாகக் கோப்புகளை ஒத்திசைக்கும் திறந்த மூல நிரல்.

இவற்றுள் எது சிறந்தது என்பதைவிட மூன்று கேள்விகளே முக்கியமானவை. இணையம் இல்லாதபோது முழுக் குறிப்பும் திறக்குமா? முரண்பாடு நேர்ந்தால் இரண்டு படிகளும் காக்கப்படுமா? நாளை இச்செயலியை விட்டு விலகினால் எல்லாக் குறிப்புகளையும் பொது வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா? மூன்றாவது கேள்வி சிறியதன்று. எவர்நோட் நிறுவனம் 2023 டிசம்பரில் தன் கட்டணமில்லாப் பயனாளிகளுக்கு 50 குறிப்புகளும் ஒரே குறிப்பேடும் என வரம்பிட்டது. ஒரு பொருள் இலவசம் என்பதற்காக அதன் வருங்கால விலையைக் கணக்கிடாதிருப்பது பொருளாதாரமாகாது. மாறிச் செல்வதற்கு ஆகும் செலவும் விலையின் ஒரு பகுதியே.

அரசு ஊழியர்களுக்கு மற்றொரு கடமையும் உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்காக 2022 ஜூனில் வெளியான இணையப் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள், மறைவாக வைக்கவேண்டிய அரசுத் தகவல்களைத் தனியார் சேமிப்பகங்களில் வைக்கலாகாது என்று அறிவுறுத்துகின்றன. பேட்டி கொடுத்தவரின் பெயரும் முகவரியும் அவர் நம்மை நம்பித் தந்தவை. அவற்றைக் குறிப்பில் எழுதாமல் ஓர் எண்ணால் குறித்து, எண்ணுக்கும் பெயருக்கும் உரிய பட்டியலைத் தனியே பாதுகாப்பது நல்ல வழக்கம். கைப்பேசிக்குக் கடவுச்சொல் இடுவது இதன் முதற்படி.

ஒத்திசைவு காப்பு ஆகாது

மிகப் பரவலாகக் காணப்படும் தவறான எண்ணம், இரண்டு கருவிகளில் இருப்பதால் குறிப்பு பாதுகாப்பாக உள்ளது என்பதாகும். ஒத்திசைவு திருத்தத்தை மட்டுமன்றி அழிவையும் உண்மையாகவே பரப்பும். கைப்பேசியில் தவறுதலாக நீக்கிய கோப்பு சில நொடிகளில் கணினியிலும் நீங்கிவிடும். எனவே ஒத்திசைவுக்கு வெளியே, அதனுடன் தொடர்பில்லாத ஒரு காப்புப் படி வேண்டும். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது கணினித் துறையில் வழங்கும் எளிய விதி. வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை மாலை எனக் கொள்வோம், எல்லாக் குறிப்புகளையும் ஒரு தனி வட்டில் தேதியிட்டுப் பதிந்து, அவ்வட்டைக் கணினியிலிருந்து பிரித்து வைக்கலாம். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதேனும் ஒரு குறிப்பைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத காப்புப் படியை இருப்பதாகக் கொள்ள இயலாது.

வளர்ச்சிப் பணிக்கு இதன் பொருள்

இது அதிகாரிகளின் வசதி பற்றிய செய்தி மட்டுமன்று. 2021 மார்ச்சில் போஷண் டிராக்கர் செயலி அறிமுகமான பின் அங்கன்வாடிப் பணியாளர்களின் கையில் கைப்பேசிப் பதிவு வந்துவிட்டது. கிராமச் சுகாதாரச் செவிலியர்கள், மகளிர் சுய உதவிக் குழுக்களின் கணக்கர்கள் ஆகியோரும் இந்நிலையில் உள்ளவர்களே. ஒரே விவரத்தைத் தாளில் ஒரு முறையும் கைப்பேசியில் ஒரு முறையும் எழுத நேரும்போது இரண்டாவது பதிவின் செலவை ஏற்பவர் மிகக் குறைந்த ஊதியம் பெறும் பணியாளரே. அந்த நேரம் ஒரு குழந்தையை எடை பார்ப்பதிலிருந்தோ, ஒரு தாயுடன் பேசுவதிலிருந்தோ கழிகிறது. இரட்டைப் பதிவைக் குறைக்க வேண்டுமாயின் கைப்பேசிப் பதிவு தவறாது என்ற நம்பிக்கையைப் பணியாளருக்கு முதலில் ஏற்படுத்த வேண்டும். தொடர்பு இல்லாதபோதும் பதியும் வசதி, முரண்பட்ட படிகளை அழிக்காமல் காட்டும் ஒழுங்கு, தாம் எழுதியதைத் தாமே திரும்பப் பார்க்கும் உரிமை ஆகிய மூன்றும் அந்நம்பிக்கைக்கு அடிப்படை. பயிற்சி வகுப்புகளில் பொத்தானை அழுத்தும் முறையுடன், பதிவு எங்கே செல்கிறது, எப்பொழுது சேர்கிறது, சேராவிட்டால் என்ன செய்வது என்பவற்றையும் கற்பிக்க வேண்டும்.

ஷிப்பூர் தோட்டத்தின் பெரிய ஆலமரத்தின் நடுத்தண்டு நோயுற்றமையால் 1925-ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. விழுதுகள் ஏற்கெனவே நிலத்தில் ஊன்றியிருந்தமையால் மரம் இன்றும் வாழ்கிறது. குறிப்புகளுக்கும் இவ்வாறே பல ஊன்றுகோல்கள் தேவை. அவற்றை அமைக்க ஆகும் நேரம் நாளொன்றுக்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் இராது. அமைக்காததன் விலையை, அந்த மோல்டரை மீண்டும் சந்திக்க இயலாதுபோன நாளில் இக்கட்டுரையாளர் அறிந்துகொண்டார். வாசகர்கள் அவ்விலையைக் கொடுக்கும் முன்னரே, இன்று மாலை தம் கைப்பேசியையும் கணினியையும் அருகருகே வைத்து, இரண்டிலும் உள்ள கடைசிக் குறிப்பு ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.